காதுப் பக்கம் வளைந்த வெட்டு உள்ள இரும்பு ஹெல்மெட்: எந்த நாட்டுடையது, எதற்காகச் செய்தது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு பழைய பொருள் சந்தையில் நீங்கள் ஒரு ராணுவ இரும்பு ஹெல்மெட் வாங்கியிருக்கிறீர்கள். நெற்றிக்கு மேல் சற்று நீட்டிக்கொண்டிருக்கும் முன்விளிம்பு, பின்னால் பிடரிவரை இறங்கும் சரிவு, இரண்டு பொட்டுக்கு நேராகவும் குட்டையான ஒரு கொம்பு. இதுவரை எல்லாம் படங்களில் பார்த்த பழைய ஜெர்மன் ஹெல்மெட்தான். ஆனால் காது வரும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் விளிம்பு கீழே இறங்காமல் வில்லாக வளைந்து மேலே ஏறுகிறது. விற்றவர் "இது குதிரைப்படைக்காரர்களுடையது" என்றாராம். நண்பர் ஒருவர் "இல்லை, டெலிபோன் ஆபரேட்டருக்கானது, ஹெட்போன் மாட்டத்தான் அந்த வெட்டு" என்கிறாராம். எது சரி?

இரண்டும் சரியில்லை. நீங்கள் விவரித்தது 1918-இல், முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில், ஜெர்மன் காலாட்படைக்காகச் செய்த எம்18 வகை இரும்பு ஹெல்மெட்டின் ஒரு தனி வடிவம். அந்த வெட்டு, போட்டிருப்பவருக்குக் காது ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அப்படி ஒரு வெட்டு ஏன் தேவைப்பட்டது என்பது இந்த ஹெல்மெட் பிறந்த கதையோடு சேர்ந்தே புரியும்.

1914-இல் போர் தொடங்கியபோது எந்தப் பெரிய ராணுவத்திடமும் இரும்பு ஹெல்மெட் கிடையாது. ஜெர்மன்காரர்கள் போட்டிருந்தது உச்சியில் கூர்முனை வைத்த தோல் தொப்பி. அதற்கு மேல் ஒரு துணி உறை. பதுங்குகுழிப் போர் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. உடம்பு முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது, தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. பீரங்கிக் குண்டு மேலே வெடித்தால் சிதறல்கள் நேராகத் தலைக்குத்தான் வரும். அகுஸ்ட் பியர் என்ற பெயர் பெற்ற அறுவை மருத்துவர் அப்போது போர்முனை மருத்துவமனைகளில் இருந்தார். மூளைக்குள் புகுந்து ஆளைக் கொல்லும் இரும்புத் துணுக்குகளில் பல மிகச் சிறியவை என்பதைக் கவனித்தவர் அவர். பெரிய கவசம் வேண்டியதில்லை, கொஞ்சம் நல்ல இரும்புத் தகடு இருந்தாலே இவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் அதன் பொருள். ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஷ்வெர்ட் என்ற பொறியாளர் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். 1915-இல் ஹெல்மெட்டின் வடிவத்தை அமைத்தவர் ஷ்வெர்ட்தான்.

அவர் எடுத்த முடிவு தெளிவானது: நெற்றி, பொட்டு, காது, பிடரி எல்லாவற்றையும் ஒரே தகட்டால் மூட வேண்டும். எதிர்த்தரப்பு வேறு வழியில் போனது. பிரெஞ்சுக்காரர்களின் ஏட்ரியன் ஹெல்மெட் மெல்லிய சாதாரண இரும்பு. எடை குறைவு, பாதுகாப்பும் குறைவு. பிரிட்டிஷ் பிராடி ஹெல்மெட் மாங்கனீஸ் எஃகு. தகடு உறுதியானது, ஆனால் ஆழம் குறைவு. அகலமான விளிம்போடு மேலிருந்து விழுவதைத் தடுக்கும்; காதும் பிடரியும் வெளியேதான் இருக்கும். ஜெர்மன்காரர்கள் நிக்கல், குரோமியம் கலந்த எஃகைச் சூடாக்கி, பல கட்டங்களாக பிரஸ்ஸில் அழுத்தி இந்த ஆழத்தைக் கொண்டுவந்தார்கள். ஹார்ட்ஸ் மலைப் பக்கம் உள்ள டாலே என்ற ஊரின் இரும்பாலையில்தான் உற்பத்தி தொடங்கியது. 1916 பிப்ரவரியில் வெர்டன் போர்முனைக்கு முதல் தொகுதியாக ஏறக்குறைய 30,000 ஹெல்மெட்டுகள் போயின. தலைக்காயங்கள் கண்கூடாகக் குறைந்தன. எம்16 என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். அளவைப் பொறுத்து ஒரு கிலோ முதல் 1.4 கிலோ வரை இருக்கும்.

சரி, பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலை காது.

குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகன்று விரிந்த அந்தச் சரிவுக்குள் ஒலி மோதித் திரும்புகிறது. போட்டிருப்பவர் பேசினால் அவர் குரலே அவருக்கு எதிரொலித்தது. வெளியிலிருந்து வரும் சத்தம் மங்கியது; அதைவிட மோசம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. நம் காதுமடல் இருக்கும் வடிவத்தால்தான் முன்னால் வரும் சத்தத்தையும் பின்னால் வரும் சத்தத்தையும் பிரித்தறிகிறோம். அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு இரும்புச் சுவர் நின்றால் அந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும்.

பதுங்குகுழியில் இருப்பவனுக்கு இது சின்னத் தொந்தரவு கிடையாது. இரவில் முள்கம்பி வேலிப் பக்கம் யாரோ ஊர்கிறார்களா என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். வரும் குண்டு தலைக்கு மேல் தாண்டிப் போகிறதா, பக்கத்தில் விழப் போகிறதா என்று பழகிய சிப்பாய்கள் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். குப்புற விழுவதா நடப்பதா என்பது அந்த ஓரிரு நொடியில் தீர்மானமாகிறது. விஷவாயு வந்தால் மணியோ தகரமோ தட்டி எச்சரிப்பார்கள், அதுவும் காதில் விழ வேண்டும். தலையைக் காப்பாற்ற வந்த கவசமே ஆளைக் காப்பாற்றும் இன்னொரு புலனை மூடியது என்பதால்தான் இந்தப் புகாரை ராணுவம் காதில் போட்டுக்கொண்டது.

1918-இல் எம்18 வந்தபோது இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, எல்லா எம்18-க்கும் பொதுவானது: தாடை வாரை ஹெல்மெட்டின் இரும்பில் மாட்டாமல், உள்ளே இருக்கும் பட்டையில் மாட்டினார்கள். இன்னொன்று, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் நீங்கள் பார்க்கும் காது வெட்டு. ஷ்வெர்ட் பிடிவாதமாக மூடிய இடத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டு, எதிரொலியைக் குறைத்துப் பார்த்தார்கள். நவம்பரில் போர் முடிந்துவிட்டதால் இது பெருமளவில் பரவ நேரமே இருக்கவில்லை. அதனால்தான் சாதாரண எம்16, எம்18 ஹெல்மெட்டுகள் சந்தைகளில் அடிக்கடி கண்ணில் படும்போதும் இந்த வகை அபூர்வமாகவே வருகிறது.

இப்போது அந்த இரண்டு தவறான பெயர்களுக்கு வருகிறேன். குதிரைப்படைப் பெயர் எப்படி ஒட்டியது என்பதை ஊகிப்பது கடினம் இல்லை. போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு ஒரு லட்சம் பேர் கொண்ட ராணுவத்தைத்தான் அனுமதித்தது. அதில் இருந்த பத்து டிவிஷன்களில் மூன்று குதிரைப்படை. கைவசம் மிச்சமிருந்த ஹெல்மெட்டுகளைத்தான் அந்தச் சின்ன ராணுவம் பயன்படுத்தியது. காது வெட்டு உள்ளவையும் அதில் சேர்த்தி. குதிரை மேல் இருப்பவர்கள் தலையில் அதைப் பார்த்தவர்கள் அவர்களுக்காகவே செய்தது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1918-இல் மேற்குப் போர்முனையில் ஜெர்மன் குதிரைப்படையின் பெரும்பகுதி குதிரையை விட்டு இறங்கிக் காலாட்படையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கென்று தனி ஹெல்மெட் வடிவமைக்கும் தேவையே அப்போது இல்லை.

டெலிபோன் கதையை நம்புகிறவர்கள் இன்னும் அதிகம். இன்றைய சிறப்புப் படையினர் போடும் ஹெல்மெட்டுகள் காதுக்கு மேல் உயர்ந்து வெட்டப்பட்டிருக்கும், அது நிஜமாகவே ஹெட்செட்டுக்காகத்தான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 1918-இன் வெட்டும் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் உங்கள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துப் பாருங்கள். வளைவு ஆழமில்லாதது. காதுமேல் ஒரு குமிழும், தலைக்குக் குறுக்கே ஒரு பட்டையும் வைத்து, அதன்மேல் இந்த ஹெல்மெட்டை மாட்டினால் உள்பட்டைக்கு இடமே இருக்காது. ஹெட்போனுக்காகவே செய்த ஹெல்மெட் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த 'டாக்கர்' ஹெல்மெட்டைப் பாருங்கள். கப்பலில் தொலைபேசிக் கருவியை மாட்டிக்கொண்டு செய்தி சொல்பவருக்கானது அது. ஹெட்போனோடு தலையை உள்ளே விடும் அளவுக்கு ஹெல்மெட்டையே பெரிதாக்கி, உள்ளே தடிமனான மெத்தை வைத்தார்கள். தேவை வேறு, அதனால் தீர்வும் வேறு.

உங்கள் கையில் இருப்பது அசல்தானா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காது வெட்டு உள்ள ஹெல்மெட்டுக்கு விலை அதிகம், சாதாரண ஹெல்மெட்டை வெட்டி இப்படி மாற்றுவதும் நடக்கிறது.

முதலில் விளிம்பு. கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது நல்லது. இந்தக் காலத்து ஜெர்மன் ஹெல்மெட்டுகளின் விளிம்பு கூராக முடியாது. தகட்டின் ஓரத்தை உள்பக்கமாக மடித்திருப்பார்கள். உள்ளே விரல் வைத்தால் உருண்டையான ஒரு வரம்பு தட்டுப்படும். முன்விளிம்பில் ஆரம்பித்துப் பக்கவாட்டில் விரலை நகர்த்துங்கள். காது வெட்டு வரும் இடத்திலும் அந்த மடிப்பு அறுபடாமல், அதே அகலத்தில், வளைவோடு ஏறி இறங்கிப் பின்பக்கம் போக வேண்டும். வளைவு தொடங்கும் மூலையில் மடிப்பு நின்றுபோய், வெறும் தகட்டு ஓரம் விரலில் பட்டால், பிற்பாடு யாரோ வெட்டியது. சிலர் வெட்டிய ஓரத்தில் கம்பியை வைத்து வெல்டிங் செய்து, அரத்தால் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அப்படியானால் அந்த இடத்தில் தகட்டின் நிறமும் துருவின் தன்மையும் மற்ற இடத்தோடு ஒத்துப்போகாது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து ரிவெட். எம்16-இலும், அதன்பின் உள்பட்டையைத் தோலிலிருந்து இரும்பாக மாற்றிய எம்17-இலும், உள்பட்டையைப் பிடிக்கும் மூன்று ரிவெட் போக, தாடை வாருக்கென்று இரண்டு பக்கச் சரிவிலும் ஒவ்வொரு ரிவெட் கூடுதலாக இருக்கும். எம்18-இல் அந்த இரண்டும் கிடையாது. பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று, மொத்தம் மூன்றே. காது வெட்டு எம்18-க்கே உரியது. ஆகவே காது வெட்டும் இருந்து, தாடை வார் ரிவெட்டோ அதை அடைத்த தடமோ சரிவில் தெரிந்தால், எம்16 அல்லது எம்17-ஐ எடுத்து வெட்டியிருக்கிறார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது முத்திரை. உள்பக்கச் சரிவில், பெரும்பாலும் இடது பக்கம், இரும்பிலேயே குத்திய எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து ஆலையைச் சொல்கிறது: ஈ, டி என்று இருந்தால் டாலே இரும்பாலை, கியூ என்று மட்டும் இருந்தால் குவிஸ்ட், அது உங்கள் ஷ்டுட்கார்ட்டை ஒட்டிய எஸ்லிங்கனில் இருந்தது. காது வெட்டு உள்ளவை பெரும்பாலும் டாலே முத்திரையோடுதான் கிடைக்கின்றன. எண், ஹெல்மெட்டின் இரும்பு ஓட்டின் அளவு, சென்டிமீட்டரில். 64 என்றிருந்தால் 64 செ.மீ. தலைக்கானது என்று நினைக்க வேண்டாம். உள்பட்டை இடத்தை எடுத்துக்கொள்வதால் தலையளவு அதைவிடப் பல செ.மீ. குறைவாக இருக்கும். உச்சியின் உள்பக்கத்தில் இன்னொரு எழுத்தும் எண்களும் தெரியலாம். அது எஃகு எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்பதற்கான ஆலைக் குறி.

கொம்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவற்றுக்கு இரண்டு வேலை. உள்ளே துளை இருப்பதால் காற்றோட்டம். குளிர்காலத்தில் அதே துளை வழியாகக் குளிர்காற்று வந்ததால் சிப்பாய்கள் களிமண்ணோ துணியோ வைத்து அடைத்தார்கள். இரண்டாவது, நெற்றிக்கு முன்னால் கூடுதலாக ஒரு தடித்த இரும்புத் தகட்டை மாட்டிக்கொள்ள. அந்தத் தகடு ஹெல்மெட்டைவிடவே கனம். அதை மாட்டிக்கொண்டு ஓட முடியாது, ஆகவே ஒரே இடத்தில் இருந்து சுடுபவர்கள், காவல் நிற்பவர்கள் போன்ற சிலர்தான் பயன்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இதில் இருக்கிறது. தகடு ஒரே அளவில்தான் செய்யப்பட்டது, ஆனால் ஹெல்மெட்டுகள் பல அளவு. சின்ன ஹெல்மெட்டில் தகடு தளர்ந்துவிடாமல் இருக்க, அவற்றின் கொம்பின் அடியில் ஒரு படி வைத்து நீளத்தைக் கூட்டினார்கள். 60, 62 அளவு ஹெல்மெட்டுகளில் அந்தப் படி நன்றாகத் தெரியும், அளவு கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். எண் அழிந்துபோன ஹெல்மெட்டுக்குக்கூடக் கொம்பை வைத்து உத்தேச அளவு சொல்லிவிடலாம்.

பெயிண்ட் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். 1918 ஜூலை 7 அன்று ஹெல்மெட்டுகளைப் பல நிறத் திட்டுகளாகப் பூசும் உத்தரவு வந்தது. பச்சை, காவி மஞ்சள், துருப் பழுப்பு, அவற்றுக்கு நடுவே விரல் அகலக் கறுப்புக் கோடு. காது வெட்டு ஹெல்மெட்டும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்பதால் இந்தப் பூச்சோடு இருப்பது பொருத்தம்தான். ஆனால் விற்பவர்களுக்கும் அது தெரியும், நேற்று பூசிய 'பழைய' கோலங்களும் நிறைய சுற்றுகின்றன. உண்மையான பூச்சு என்றால் நூறு வருஷத் தேய்மானம் கை படும் இடங்களில், அதாவது முன்விளிம்பிலும் உச்சியிலும், கூடுதலாக இருக்கும். கீறலுக்குள்ளும் துரு இருக்கும். கீறலின் மேல் பெயிண்ட் வழிந்திருந்தால் கதை வேறு.

உங்களுடையது ஒரே நிறமாக, உள்ளே எட்டுத் தோல் இதழ்களை உச்சியில் கயிறு போட்டுச் சேர்த்த உள்ளுறையோடு இருந்தால், உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம். எம்31 என்ற அந்த உள்ளுறை 1930-களில் வந்தது. பழைய ஹெல்மெட்டுகளை வீசாமல் அதைப் பொருத்தி மறுபடி கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் இருந்த உள்பட்டை வேறு மாதிரி: ஒரு வளையத்தில் நெற்றிக்கு ஒன்று, பின்பக்கம் இரண்டு என மூன்று மெத்தைப் பைகள். இந்தப் பழைய வகை உள்ளே எஞ்சியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மற்றவற்றில் அது பெரும்பாலும் மக்கிப்போயிருக்கும்.

1930-களில் மறுபடி புழங்கியது என்றால் பக்கவாட்டுச் சின்னங்களையும் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் நாஜிக் காலச் சின்னம் இருக்க வாய்ப்பு உண்டு. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா உள்ள பொருளைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் படத்தை எங்கும் போடுவதற்கு முன் மறைத்துவிடுங்கள்.

இதே சாயலில் வேறு நாட்டு ஹெல்மெட்டுகளும் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. அயர்லாந்து தன் ராணுவத்துக்கு இந்த வடிவத்தையே விரும்பியது. ஜெர்மனி ஆயுதத் தளவாடம் ஏற்றுமதி செய்யத் தடை இருந்ததால் 1927-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்திடம் 5,000 செய்யச் சொல்லி வாங்கியது. அவற்றில் காது வெட்டு கிடையாது. துருக்கி ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட, முன்விளிம்பே இல்லாத ஜெர்மன் ஹெல்மெட்டும் உண்டு. தொழுகையின்போது நெற்றி தரையில் படுவதற்காக என்று பரவலாகச் சொல்வார்கள், ஆய்வாளர்கள் பலர் அந்தக் காரணத்தை ஏற்பதில்லை. 1935-இல் வந்த எம்35-ஐப் பார்த்தால், கொம்பு போய்விட்டது, சரிவின் ஆழமும் அகலமும் சுற்றிலும் குறைந்துவிட்டது. காது வெட்டு மட்டும் அதில் இல்லை. சரிவையே சுருக்கியதால் தனியாக வெட்டு வைக்காமலே விட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ எடுத்துவிடாதீர்கள், துரு நீக்கும் திரவத்தில் ஊறப் போடாதீர்கள், தோலுக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். டாலேயில் பழைய இரும்பாலையின் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே இந்த ஹெல்மெட்டுகள் செய்த வரலாற்றையும் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப்போர் பொருட்களைப் பார்க்க இங்கோல்ஷ்டாட்டில் உள்ள பவேரிய ராணுவ அருங்காட்சியகமும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அதற்கு முன், உள்பக்க இடது சரிவு, காது வெட்டின் உள்மடிப்பு, ஒரு கொம்பு, இந்த மூன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். முத்திரை தெரிந்தால் எந்த ஆலை, என்ன அளவு, பிற்பாடு யாராவது கை வைத்தார்களா என்பதுவரை பார்த்துச் சொல்கிறேன்.